முந்நூற்றுப் பதினேழு

“காலரப் பாத்தியா? மூஞ்சியப் பாத்த, ஜன்னலப் பாத்த, வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாத்த. காலரப் பாத்தியாடி?”

“பாத்தேம்மா.”

“பாத்துட்டுத்தான் இந்தச் சைஸுக்கு அடிச்சுட்டு வந்தியா?”

அந்தச் சைஸு என்பது ஒரு தலையணை உறையின் அளவு. சலவைக் கடையின் தேய்ப்பு மேஜைமேல் படம் விரிந்து கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் ஆறிப்போன நாலு இஸ்திரிப் பெட்டிகள். மகள் செய்த தப்பே அதுதான். பிரிண்ட் சுருண்டிருக்கிறதென்று வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, சட்டையைப் போல நிமிர்த்தப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பார்கள். சலவைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குச் சுருக்கம் என்றால் கை இஸ்திரிப் பெட்டிக்குத்தானே போகும். துணியை விலக்கியபோது பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

அந்த நேரத்தில் கடையில் இருந்த ஒரே வெளியாள் தபால்காரர். உடுப்பு கைக்கு வந்த பிறகும் போகாமல், சுவரில் எழுதியிருந்த கடை விதிகளை நின்று படித்தார். ‘பொத்தான் உடைந்தால் கடை பொறுப்பல்ல. ஓராண்டுக்குள் எடுக்காத துணி கடைக்குச் சொந்தம்.’ இரண்டே வரி. அதை ஏழு தடவை படித்தாராம். அவர் அப்படிப் பொறுமையாகப் படித்ததால்தான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. தபால்காரர் என்றால் கடிதம் மட்டுமா கொண்டுவருவார்?

படத்தில் இருந்தவர் கடைக்காரர்தான், அதாவது அப்பா. பின்கட்டு ஜன்னலோரம், ஆவிக்கு நடுவில், முழங்கால்வரை இறங்கும் கறுப்புக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலரைத் தூக்கிவிட்டு, ஒரு கையைப் பைக்குள் விட்டு நின்றிருந்தார். வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சாக்கடைக் குழாயைத் தவிர வேறெதுவும் கிடையாது. ஆனால் படத்தைப் பார்த்தால் அங்கே ஏதோ கப்பல் புறப்படுகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

கோட்டு அவருடையதல்ல. அவருக்குக் கோட்டே கிடையாது. முழங்கையில் ஒட்டுப் போட்ட ஒரு சாம்பல் ஸ்வெட்டர்தான் உண்டு. கடைக்கு வரும் ஒவ்வொரு துணிக்கும் நகத்தளவு வெள்ளை நாடாவில் அழியாத மையால் நம்பர் எழுதிக் காலர் மடிப்புக்கு அடியில் தைத்துவிடுவது அந்தக் கடையின் வழக்கம். காலர் மடிந்திருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. தூக்கிவிட்டால் படும். படத்தில் பளிச்சென்று பட்டது: 317. பல் டாக்டருடைய கோட்டு.

“முப்பது வருஷம். அடுத்தவங்க கைக்குட்டைய எடுத்து மூஞ்சி தொடச்சிருப்போமா? மழையில நனஞ்சுட்டு வந்தாக்கூட அடுத்தவங்க துண்டத் தொட்டிருப்போமா? இங்க பாரு, மகாராஜா மாதிரி நிக்கிறாரு.”

சட்டைக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. அண்ணனுக்கு அந்தக் கோட்டு நல்லாத்தான் இருக்கு.”

“அதாண்டி எனக்கு வயித்தெரிச்சல்.”

அத்தை அப்பாவின் தங்கை. வந்த வரன்களையெல்லாம் காலர் அழுக்கு, கை அழுக்கு என்று தட்டிக்கழித்து, நாற்பத்து நாலு வயதுவரை ஊரார் சட்டைகளோடு குடித்தனம் நடத்தியவள். அண்ணன் செவ்வாய்க்கிழமைதோறும் என்ன செய்கிறான் என்பது அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். அம்மாவுக்குத்தான் தெரியாது. சட்டைக்கு எத்தனை பொத்தான், அதில் எத்தனை மாற்றுப் பொத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அம்மாவுக்கு, சொந்தப் புருஷன் அடுத்தவர் கோட்டில் நிற்பது ஒரு படத்தைப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருந்தது.

அப்பா உள்ளே பெரிய மெஷினுக்குள் ஓட்டல் விரிப்புகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. காதும் திறந்துதான் இருந்திருக்கும். மெஷினைப் போட்டார். அது சுற்ற ஆரம்பித்ததும் யார் பேசினதும் யாருக்கும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் காரணமான மகளைத் தெருவில் காத்தாடி என்பார்கள். காலில் சக்கரம் என்றுகூடச் சொல்ல முடியாது, சக்கரமாவது சாலை வழியே போகும். இருபத்து மூன்று வயதுக்குள் கணக்கெழுதப் படித்தாள், பாதியில் விட்டாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சிக்குப் போனாள், நோயாளிக்கு முன்னால் இவள் மயங்கி விழுந்தாள். பூ அலங்காரம் பழகினாள், தும்மல் வந்தது. கடையில் நின்று தேய்க்கச் சொன்னால், ஒரு சட்டை முடிவதற்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “அங்க என்னடி இருக்கு?” என்று அம்மா கேட்டால், “ஒண்ணுமில்ல, அதான் பாத்தேன்” என்பாள்.

கடைசியாகப் போய்ச் சேர்ந்தது போட்டோப் படிப்பில். கடைத்தெருவில் காகிதக் கடைக்கு மேல்மாடியில் ஒன்பது மாதப் பயிற்சி. கேமராவைப் பள்ளியே இரவல் கொடுக்கும். கடைசியில் ஒரு கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம் மாட்ட வேண்டும். படம் சுவரில் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. இதையும் பாதியில் விட்டால் பிறகு தன்னை யாரும் எதிலும் சேர்க்க மாட்டார்கள், தானே தன்னைச் சேர்க்க மாட்டேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

அங்கே பாடம் எடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முக்கால். எந்தப் படத்தைக் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, “முக்கால்வாசி சரி” என்பார். மீதிக் கால்வாசி எங்கே என்று கேட்டால், அது தெரிந்தால் நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்பார். காத்தாடியின் முதல் மாதப் படங்களுக்கு அந்த முக்காலும் கிடைக்கவில்லை. எடுப்பதற்கு முன் திரைச்சீலையை இழுத்து நேராக்குவாள், மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவுவாள், உட்கார்ந்திருப்பவர் சட்டையைத் தட்டிவிடுவாள்.

“நீங்க படம் எடுக்கல, இஸ்திரி போடுறீங்க” என்றார் முக்கால்.

அது போதாதென்று வீட்டில் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு கை நீண்டிருந்தது. அம்மாவுடைய கை. கேமராவைத் தூக்கினாலே ஓடிவந்து யாருடைய காலரையாவது சரிசெய்கிற கை. அப்பா சாப்பிடுகிற படத்தில் ரொட்டித் துணுக்கைத் தட்டிவிடுகிற கை. அத்தை தேய்க்கிற படத்தில் அத்தையின் தலைமுடியை ஒதுக்குகிற கை. ஒரு மாதத்தில் இருபத்தாறு படம், இருபத்தாறு கை. வகுப்பில் எல்லோரும் அடுத்த படத்தில் கை எங்கிருந்து வரும் என்று பந்தயம் கட்டினார்கள்.

அடுத்தது பனிக்காலம். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர், கடைக்குள் நாள் முழுக்க ஆவி. தெருவிலிருந்து கேமராவோடு உள்ளே வந்தால் லென்ஸ் முழுக்க வியர்த்துக்கொள்ளும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று அம்மா சொன்னாள். காத்தாடி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கேமராவை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் கட்டி, சூட்டுக்குப் பழகட்டும் என்று அரை மணி நேரம் துண்டுகளுக்கு நடுவே வைத்துவிடுவாள். அந்த அரை மணி நேரம் அவளால் சும்மா இருக்க முடியாது. மாடிக்குப் போவாள், வருவாள், பையைத் தொட்டுப் பார்ப்பாள், வாசலுக்குப் போவாள். அடுப்பில் முட்டை வைத்தவள்கூட இத்தனை தடவை எட்டிப் பார்க்க மாட்டாள் என்பாள் அத்தை.

அப்படி ஒரு நாள் கேமரா சும்மா கிடந்தபோதுதான் அம்மா அந்தக் கறையைப் பார்த்தாள். லென்ஸை வெளிச்சத்துக்குச் சாய்த்தால் உள்ளே ஊதா நிறத்தில் மினுமினுவென்று ஏதோ தெரிகிறதே, அது. ஒயின் கறையாக இருக்கலாம், மருந்துக் கறையாக இருக்கலாம், இரவல் பொருள், யார் கையில் இருந்ததோ. கடையில் எட்டு வகைக் கறைக்கு எட்டுப் புட்டி உண்டு. ஆறாம் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு, மெல்லிய பருத்தித் துணி, வட்டமாகத் தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது. பழைய லென்ஸ். கறை லேசில் போகவில்லை. அம்மா விடுகிற ஆளா? கால் மணி நேரத்தில் கண்ணாடி சுத்த வெள்ளையாகிவிட்டது.

“எவ்ளோ அழுக்கு வச்சிருந்த தெரியுமா? எடுத்துட்டேன்” என்றாள் அன்று மாலை, பெருமையாக.

அந்த ஊதாதான் லென்ஸுக்குப் போட்ட பூச்சு, எதிர்வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தை வெளுத்துவிடாமல் காப்பது அதுதான் என்று காத்தாடிக்குப் பாடம் நடந்திருந்தது. அவள் அன்று சாப்பிடவில்லை. முக்காலிடம் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து அவள் ஜன்னலைப் பார்த்து எடுத்த படங்களிலெல்லாம் பால் ஊற்றினதுபோல ஒரு வெளிச்சம் பரவி நின்றது. முக்கால் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “என்னமோ பண்றீங்க, என்னன்னு தெரியல” என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பு பாதியில் முடிந்துவிட்டது. செவ்வாய் என்றால் அம்மா தேய்த்த விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிற நாள். எண்ணிக் கொடுத்து, அழுக்கை எண்ணி வாங்கிவர இரண்டு மணி நேரமாகும். காத்தாடி பின்வாசல் வழியாக வந்தாள். கேமராவை வழியிலேயே பையில் கட்டியிருந்தாள். பின்கட்டில் யாரோ வாடிக்கையாளர் நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். பெரிய இடத்து ஆள், முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகுதான் காதுக்குப் பின்னால் இருந்த தீக்காயத் தழும்பைப் பார்த்தாள். பாய்லர் சுட்ட தழும்பு.

அப்பா அப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. குனிந்துதான் பார்த்திருக்கிறாள், கூடைக்குக் குனிந்து, மெஷினுக்குக் குனிந்து, வாடிக்கையாளருக்குக் குனிந்து. அவரும் இவளைப் போலத்தான், ஓரிடத்தில் கால் தரிக்காத ஆள் என்பது அந்த முதுகில் தெரிந்தது. முப்பது வருஷம் தரித்திருக்கிறார், அவ்வளவுதான். பையை அவிழ்த்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கவில்லை, பாதி வியர்வையோடு ஒரே ஒரு படம் எடுத்தாள். சத்தம் கேட்டு அப்பா திரும்பவில்லை.

“வெளிச்சம் போதுமா?” என்று கேட்டார், ஜன்னலைப் பார்த்தபடியே.

“போதும்பா.”

கோட்டைக் கழற்றினார். தோளைத் தட்டினார், தொங்கவிட்டார், பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினார். அம்மாவிடம் சொல்லாதே என்றார். அவள் சொல்லவில்லை. பிரிண்ட் போட்டாள், அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது முக்கால் முக்கால்வாசி என்று சொல்லவில்லை. கண்காட்சிப் பட்டியலில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினார். அதற்காகத்தான் பெரிதாகப் போட்டது, அது சுருண்டது, தேய்க்க வந்தது, அம்மா பார்த்தது.

சனிக்கிழமை கண்காட்சி. அன்று புதன். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: அந்தப் படம் சுவரில் ஏறினால் கடையின் ஷட்டர் இறங்கும். தன் கோட்டைச் சலவைக்காரர் போட்டுக்கொள்கிறார் என்று ஒரு ஆளுக்குத் தெரிந்தால் போதும், ஊரில் அத்தனை பேரும் தன் தன் சட்டையை மோந்து பார்ப்பார்கள். அது நியாயமான பயம்தான். இந்த ஊர் மோந்து பார்க்கிற ஊர்தான். அதை நாமே சொல்லக் கூடாது.

வியாழன் முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அம்மா, அப்பாவின் தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள். அப்பா சூப்பைக் கொஞ்சம் ஓசையில்லாமல் குடித்தார். காத்தாடி மாடிப்படியை ஏறி இறங்கியே தேய்த்தாள். அவள் நடக்கிற சத்தத்தில் கீழே தொங்கின விளக்கு ஆடியது. அத்தைதான் வழி சொன்னாள்.

“படத்துல கறை எடுக்கிற வேலையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு நீதானே சொன்ன? அந்த நம்பர எடுத்துடு. கோட்டு யாருதுன்னு அப்புறம் எவனுக்குத் தெரியும்?”

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து காத்தாடி அதைச் செய்தாள். ஐந்து நிமிஷ வேலை. நாடா இருந்த இடத்தில் பக்கத்துக் கறுப்பை எடுத்து நிரப்பினாள். ஆறாம் புட்டியைவிடச் சுத்தம். பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து பார்த்தாள். மறுபடியும் எழுந்தாள். படத்தில் ஒரு பணக்காரர் நின்றிருந்தார். தன்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய ஜன்னலில். நல்ல படம்தான். முக்கால்வாசி.

மதியம் கடைக்கு வந்தபோது அப்பா பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்த பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா முன்பக்கம் இருந்தாள். காத்தாடி நின்றபடியே கேட்டாள். உட்கார்ந்தால் கேட்டிருக்க முடியாது.

“நம்பர எடுத்துப் பாத்தேம்பா. எடுத்தா அது உங்க கோட்டாயிடுது.”

அப்பா ஒரு பொத்தானை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

“நீங்க வேணாம்னா மாட்டல. சான்றிதழ் போனாப் போகுது. உங்க பேரு போகக் கூடாது.”

“நம்பர் இல்லாத துணி தொலஞ்ச துணிம்மா” என்றார் அப்பா. “முப்பது வருஷமா வர்றவங்க கிட்டயெல்லாம் அதத்தான் சொல்லிட்டிருக்கேன். நம்பர எடுக்காத.”

“அப்ப மாட்டவா?”

“நாளைக்கு எத்தன மணிக்கு?”

முன்பக்கம் அம்மாவின் இஸ்திரி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தீய்ந்த வாடை வந்தது. முப்பது வருஷத்தில் அம்மா கருக்கின முதல் சட்டை அது. யாருடையது என்று நமக்குத் தெரியும், சொல்வதற்கில்லை.

சனிக்கிழமை மதியம் தூறல். காகிதக் கடை மாடி நடையில் இரண்டு பக்கமும் இருபத்தொரு படங்கள். படங்களுக்குச் சட்டம் போடுகிறவர் ஏணிமேல் நின்று கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மனைவி இல்லை, உருண்டையான ஆள். வாயில் ஆறு ஆணி வைத்திருந்ததால் அத்தை சொன்ன எட்டுத் திருத்தங்களுக்கும் பதில் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். அத்தை அதற்குள் அவருடைய காலரைப் பார்த்துவிட்டாள். சுத்தமாக இருந்தது.

வரவே மாட்டேன் என்ற அம்மா முதல் ஆளாக வந்திருந்தாள். வந்ததும் நேரே போய் மகளுடைய படத்துக்கு முன்னால் நின்று, சட்டம் கோணலாக இருக்கிறது என்று நேராக்க ஆரம்பித்தாள். நேராக்கின கையை எடுக்கவில்லை. உள்ளங்கை சரியாகக் காலர்மேல் உட்கார்ந்திருந்தது. கண்காட்சி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

“அம்மா, கை வலிக்கும்” என்றாள் காத்தாடி.

“பத்துக் கிலோ இஸ்திரி தூக்கின கை. வலிக்காது.”

கண்காட்சியைத் திறந்துவைக்க முக்கால் யாரை அழைத்திருந்தார் என்று கேளுங்கள். தனக்கு மேல்வரிசைப் பல் கட்டின பல் டாக்டரை. மனிதர் மனைவியோடு படியேறி வந்தார். மேலே என்ன போட்டிருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிருக்கு வேறு எதைப் போடுவார்?

காத்தாடிக்கு உள்ளங்கால் கூசியது. ஓடிவிடலாம் என்று படிக்கட்டைப் பார்த்தாள். படிக்கட்டில் அப்பா ஏறி வந்துகொண்டிருந்தார், சாம்பல் ஸ்வெட்டரில், தலைவாரி.

டாக்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் இங்கே வந்து நின்றார். வெகுநேரம் நின்றார். முக்கால் பக்கத்தில் நின்று, இந்த வெளிச்சத்தைக் கவனியுங்கள், எதிர்வெளிச்சத்தை இப்படிப் பால்போல இறக்குவது பத்து வருஷம் பழகினவர்களுக்கே வராது என்று விளக்கினார்.

“யாரு இவரு? நடிகரா?” என்றார் டாக்டர். அவருக்குச் சலவைக்காரரை முகம் தெரியாது. டிரைவர்தான் துணியைக் கொண்டுவந்து போடுவது வழக்கம். “கோட்டு என்னமா இருக்கு, பாரு. இந்த மாதிரி ஒண்ணு நான் வாங்கணும்.”

அவருடைய மனைவி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “கைய கொஞ்சம் எடுக்கிறீங்களாம்மா?” என்றாள்.

“தூசிங்க” என்றாள் அம்மா. கையை எடுக்கவில்லை.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. அம்மாவின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டார்.

“கைய எடு.”

அம்மா அவரைப் பார்த்தாள். மூன்று நாளாகப் பார்க்காத பார்வை. கையை எடுத்தாள்.

“அது உங்க கோட்டுங்க, டாக்டர்” என்றார் அப்பா. “முந்நூத்திப் பதினேழு. நான்தான் அது. வெளுத்து முடிச்சு, உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி, போட்டுப் பாத்தேன். மறுபடி ஆவி புடிச்சுத்தான் அனுப்பினேன். இருந்தாலும் போட்டது போட்டதுதான். சொல்லணும்ல.”

டாக்டரின் மனைவி எட்டிப் புருஷன் கழுத்துக்குப் பின்னால் காலரைத் தூக்கினாள். நாடா இருந்தது. நம்பர் இருந்தது. டாக்டர் தலையைத் திருப்பி அதைப் பார்க்க முயன்று, நாய் தன் வாலைப் பார்ப்பதுபோல அரை வட்டம் சுற்றினார். பிறகு படத்தைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் நீட்டிக் கோட்டுக் கைகளைப் பார்த்தார்.

“எம்மேல இது இப்பிடி நிக்கலையே” என்றார்.

அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே அதுதான் அவருடைய சந்தேகம். அத்தைதான் முதலில் சிரித்தது. சட்டம் போடுகிறவர் ஆணிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அப்புறம் நடை முழுக்க.

அந்தச் சிரிப்பில் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ. புருஷன் நாலு பேர் முன்னால் உள்ளதைச் சொல்லிவிட்டான், தான் மட்டும் மிச்சம் வைப்பதா என்று இருந்திருக்கலாம். முக்காலின் பக்கம் திரும்பி, “அந்த வெளிச்சமும் அவ செஞ்சதில்லைங்க. உங்க கேமராக் கண்ணாடியில ஊதாக் கறை இருந்துச்சு, நான்தான் எடுத்தேன்” என்றாள். முக்கால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினவர், இறக்க மறந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரின் மனைவி அவர் காதில் ஏதோ சொன்னாள். எதற்குச் சிரித்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கோட்டைக் கழற்றினார். பக்கத்து நாற்காலியில் போட்டார். “நல்லா வெளுத்து வையுங்க” என்று சொல்லிவிட்டு, சட்டையோடு தூறலில் இறங்கிப் போனார். மறுநாள் டிரைவர் வந்து மற்றத் துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். கோட்டு ஈரமாக இருந்தது, காய்ந்த பிறகு வாருங்கள் என்றார்கள். வரவில்லை.

ஊர் மோந்து பார்த்தது. இரண்டு வாரம் ஒவ்வொருவராக வந்து தங்கள் துணியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு குடும்பம் வேறு கடைக்குப் போனது, அந்தக் கடைக்காரர் எல்லாப் பொத்தானையும் உடைத்ததும் நாலு குடும்பம் திரும்பி வந்தது. நோட்டரி மட்டும் தனியாக வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னுடைய கோட்டையும் எப்போதாவது போட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. நோட்டரிக்கு முகம் தொங்கிப்போயிற்று. பத்து வருஷப் பழக்கம், தன் கோட்டு என்ன மட்டமா?

அம்மா ஒரு மாதம் கழித்து அப்பாவோடு பேசினாள். அதற்குள் அவளுக்கே தாங்கவில்லை. அப்பா அதன் பிறகு எந்தத் துணியையும் போட்டுப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பொத்தான் பிரித்தார்.

முக்கால் காத்தாடிக்குச் சான்றிதழ் கொடுத்தார், லென்ஸை வகுப்பு அலமாரியில் தனியாக எடுத்து வைத்தார். அடுத்த வருஷத்து மாணவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்களாம். அத்தை சட்டம் போடுகிறவரைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனாள். அவர் காலரை இப்போதும் தினமும் பார்க்கிறாள் என்று கேள்வி. காத்தாடி துறைமுகப் பட்டணத்துக்குப் போய், கப்பலில் வந்து இறங்கும்போது உடைந்த சாமான்களைப் படம் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். நேராக்கக் கூடாத வேலை. ஒரு வருஷத்தில் மூன்று அறை மாறிவிட்டாள். பல் டாக்டரும் வீட்டைக் காலிசெய்து மகள் இருக்கிற நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கோட்டைக் கேட்டு ஆள் அனுப்பவில்லை.

ஓராண்டு ஆன அன்று அம்மா சுவரில் இருந்த இரண்டாவது விதியைப் படித்துக் காட்டினாள். சின்னக் கத்தரியால் 317ஐப் பிரித்தெடுத்தாள். “இனி உங்களுதுதான், போட்டுக்குங்க” என்று சொல்லி, அதே ஜன்னலோரம் நிற்க வைத்து, போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். ஒரு மூலையில் அம்மாவின் விரல் இருந்தது. நடுவில் அப்பா இருந்தார், காலர் ஒழுங்காக மடிந்து, தோள் தொங்கி. அச்சு அசல் பல் டாக்டர் நின்ற மாதிரியே நின்றார். காத்தாடி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்லாருக்கு என்று மட்டும் பதில் எழுதினாள்.

அம்மாவும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை ஊசியை எடுத்து, நாடாவைப் பழைய இடத்திலேயே தைத்து, கோட்டை உறைக்குள் போட்டு, மற்ற வாடிக்கையாளர் துணிகளோடு தொங்கவிட்டாள். மறுநாள் ஓட்டலுக்கு வண்டி ஏறும்போது, இன்றைக்கு எண்ணிக்கை அதிகம், வர மூன்று மணி நேரமாகும் என்று பின்கட்டுவரை கேட்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எல்லாச் செவ்வாயும் மூன்று மணி நேரம்தான். ஓட்டலில் விரிப்பு ஒன்றும் கூடவில்லை என்று தபால்காரர் சொல்கிறார்.